பள்ளி முடித்த பிள்ளைக்கு எந்தப் பயிற்சி?

அமராவதி ஆற்றின் வாய்க்கால்களால் பாசனம் பெறும் கொமரலிங்கம் பகுதியில், நாற்றின் வயதறியாத உழவர் ஒருவரும் இலர். குறுகிய கால நெல்லுக்கு ஒரு வயது, நீண்ட கால நெல்லுக்கு வேறு வயது என்று கணக்கிட்டே நாற்றைப் பறிக்கிறோம். நாற்றங்காலில் இவ்வளவு கருத்துடைய நாம், பள்ளியை விட்டு வெளிவரும் நம் பிள்ளையை எந்தத் தொழிலில், எந்த வயதில் விடுவது என்பதை மட்டும் பெரும்பாலும் தற்செயலுக்கே விட்டுவிடுகிறோம்.

சென்ற கோடையில் ஒரு விவசாயி எம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தான். ஆலையின் வேன் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றிச் செல்கிறது. கூலி உடனே கைக்கு வருகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தால் இரண்டு ஆண்டு வருமானம் போய்விடாதா என்பதே அவர் கேள்வி. இது நியாயமான கேள்வியே. பலருக்கும் இதே ஐயம் இருப்பதால் இங்கு விரிவாக விடை கூற முற்படுகிறோம்.

மூன்றையும் பிரித்தறிக

முதலாவது, வேலை அனுபவம். ஒரு தொழில் எப்படி நடைபெறுகிறது என்பதைப் பிள்ளை சில நாட்கள் நேரில் கண்டு, சிறு பணிகளில் கைவைத்துப் பார்ப்பது இது. கல்வியோடு கைத்தொழிலை இணைக்க வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் வலியுறுத்தினார். 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் கல்விக் குழுவும், வேலை அனுபவம் பள்ளிக் கல்வியின் ஓர் அங்கமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டாவது, தொழிற்பழகுநர் பயிற்சி. ஒப்பந்தம், கால வரையறை, உதவித்தொகை, முடிவில் சான்றிதழ் ஆகிய நான்கும் இதற்கு உண்டு. மூன்றாவது, கூலி வேலை. கற்பதற்காகச் செல்லும் பிள்ளை, பெயரளவில் பழகுநராகவும் உண்மையில் கூலியாளாகவும் ஆகிவிடுவதே நம் பகுதியில் நேரும் பெரும் இழப்பாகும்.

வயதும் சட்டமும்

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிரம்பாத எவரையும் எந்த வேலையிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவலாம் என்பது ஒரு விலக்கு. 14 வயது முதல் 18 வயது வரையுள்ளோரைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான இரசாயனச் செயல்முறை போன்றவற்றில் அமர்த்துதல் குற்றம். மீறும் வேலையளிப்போருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும்.

முதலில் பார்வை, பின்பு தேர்வு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையில் மூன்று நான்கு தொழில்களையேனும் நேரில் காண வேண்டும். இதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் வட்டாரத்திலேயே நெல்லும் கரும்பும் தென்னையும் உள்ளன. வெல்லம் காய்ச்சும் ஆலைகள் உள்ளன. உடுமலைப்பேட்டைப் பகுதியில் பட்டுப்புழு வளர்ப்பும் காற்றாலைகளும் பரவியுள்ளன. அங்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அப்பால் நூற்பாலைகள், திருப்பூரில் பின்னலாடைத் தொழில்.

பனியன் கம்பெனி என்றவுடன் தையல் ஒன்றே பலர் நினைவுக்கு வருகிறது. நூல் வந்து, துணியாகப் பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, பிசிறு நீக்கி, சரிபார்த்து, தேய்த்து, கட்டி அனுப்பும் வரை அங்குப் பல பணிகள் உள்ளன. பிசிறு வெட்டும் உதவியாளாகச் சேர்ந்தவர், வேறு பணி பழக வாய்ப்புக் கிட்டாவிடில் பல ஆண்டுகள் அதிலேயே தங்கிவிடக் கூடும். பின்னல் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், அளவு வடிவம் வரைபவர், சாய ஆய்வகத்தில் பணி செய்பவர் ஆகியோருக்கு ஒரு கம்பெனி மூடினாலும் மற்றொன்றில் இடமுண்டு.

நொய்யலாறு மாசுபட்டது குறித்து விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நாம் அறிவோம். கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாயிற்று. நீரைச் சோதிக்கவும் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கவும் கற்றோர் தேவைப்பட்டனர். ஒரு தொழில் இடருறும்போது அதன் வேரைக் கற்றவனே நிலைக்கிறான் என்பதற்கு இது சான்று.

படிப்போடு செல்லும் வழிகள்

மேல்நிலைப் பள்ளிகளில் 1978 முதல் தொழிற்கல்விப் பிரிவு நடைபெற்று வருகிறது. வேளாண் அறிவியல், நெசவியல், மின் பொறியியல் முதலியன அதிலுள்ள பாடங்களிற் சில. எந்தப் பள்ளியில் எப்பாடம் உள்ளதெனத் தலைமையாசிரியரைக் கேட்டறிக. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சி பெறுவோருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஆகவே தொழிற்பயிற்சி, மேற்படிப்பின் கதவை அடைப்பதில்லை.

அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. திறன் வளர்ப்புக்கென ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 18 வயது நிரம்பிய கிராமத்து இளைஞர்கள், ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கட்டணமின்றிக் கற்கலாம்.

அனுப்புமுன் கேட்க வேண்டியவை

எந்த இடத்திற்கு அனுப்பினும், பெற்றோர் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். பிள்ளை எந்தத் தொழிலைக் கற்பான், யார் கற்பிப்பார்? எத்தனை மாதம், நாளொன்றுக்கு எத்தனை மணி? எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? தொகை மாதந்தோறும் கைக்கு வருமா? முடிவில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும்?

1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும். வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றிப் பழகுநரை மிகைநேரம் வேலை வாங்கலாகாது. “ஒன்றரை ஷிப்டு பார்த்தால்தான் பயிற்சி” என்று ஒருவர் கூறினால், அது பயிற்சியன்று என்று உணர்க.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணத்திற்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறி, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகளுக்கு ஆள் சேர்த்த வழக்கம் இம்மண்டலத்தில் இருந்ததை மறத்தல் கூடாது. நடுவில் நோயுற்றுத் திரும்பிய பெண்கள் அத்தொகையை இழந்ததுண்டு. எப்பெயரில் வந்தாலும், முடிவில் தருவோம் என்ற வாக்கிற்குப் பெண்ணை ஒப்படைத்தல் ஆகாது.

ஊராட்சியின் கடமை

மே முதல் நாள் கிராம சபை, தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தை ஒட்டியே கூடுகிறது. அவ்வாண்டு பள்ளி முடித்தோர் யார், ஒவ்வொருவரும் எங்குச் செல்கின்றனர், யார் வழியறியாது நிற்கின்றனர் என்பதை அங்குப் பரிசீலிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள உறுப்பினர்கள், தொழிலிடங்களைக் காண மாணவரை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். ஊரிலிருந்து வேனில் செல்லும் சிறுவர் வயதைக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு விசாரிக்கலாம். ஐயமிருப்பின் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

கேள்வி கேட்ட விவசாயிக்கு நாம் கூறிய விடை இதுவே: இரண்டு ஆண்டுக் கூலி இழப்புத்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெல் விளையுமுன் நாம் நான்கு மாதம் செலவே செய்கிறோம். அதை இழப்பு என்று எழுதுவதில்லை. மகனையும் அழைத்துச் சென்று தொழிற்பயிற்சி நிலையத்தைப் பாருங்கள், ஆலையையும் பாருங்கள், பிறகு அவன் விருப்பத்தைக் கேளுங்கள் என்றோம். இவ்வாறு கண்டறிந்து தெரிவு செய்யும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் கிட்டச் செய்வது நம் அனைவரின் பொறுப்பாகும்.