விழுங்கிய உணவு நெஞ்சில் நிற்பது ஏன்?

விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்படுமுன் ரொட்டியும் தேநீரும் உட்கொள்பவர், அவை இரைப்பையை எவ்வாறு சென்றடைகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணவேண்டிய தேவையும் இல்லை. ஆனால், ஒவ்வொரு கவளமும் நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்துத் தள்ளினால்தான் இறங்கும் என்ற நிலை ஏற்படுமாயின், அதனைக் கண்ணேறு என்றோ வாயு என்றோ கருதி மாதக்கணக்கில் பொறுத்திருப்பது பெருந்தவறு.

உணவுக்குழாய் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. உணவு அதனுள் தானாகவே கீழே விழுவதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. பசுவின் காம்பில் பால் கறப்பவர் விரல்களை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்குவதைப் போல, குழாயின் தசைகள் அலையலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுகின்றன. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பையை அடைவது இதனால்தான். குழாயின் அடியில் வளையத்தசை ஒன்று கதவுபோல் மூடியிருக்கும். விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிடும்; மற்ற நேரங்களில் இரைப்பையின் புளிப்புநீர் மேலே ஏறாதபடி காக்கும்.

விழுங்க இயலாமல் வருபவருக்கு மருத்துவர் முதலில் வாய்வழியே விளக்குக் குழாயைச் செலுத்திப் பார்ப்பார். புற்றுநோயோ வடுவோ வழியை அடைத்திருக்கிறதா என்று அறிவதே நோக்கம். புகையிலையும் மதுவும் பழகியவர்கள் இதனைத் தட்டிக்கழிக்கலாகாது. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட்டைத் தவறி விழுங்கியவர்களுக்கும் குழாய் வெந்து சுருங்கிவிடுவதுண்டு. (அதனைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பவர் எவரேனும் இருப்பின், இன்றே அவ்வழக்கத்தைக் கைவிடுவாராக.)

அடைப்பு எதுவும் இல்லாதபோதுதான் தசையின் வேலையை அளக்கும் மேனோமெட்ரி என்னும் சோதனை தேவைப்படுகிறது. இதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் பட்டினியாக இருத்தல் வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூக்கினுள் மரத்துப்போகும் மருந்து தடவி, மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பை வரை செலுத்துவார்கள். அதில் அழுத்தத்தை உணரும் பொறிகள் வரிசையாகப் பதிந்துள்ளன. குழாய் தொண்டையைத் தாண்டும்போது குமட்டல் வரும். ஆனால் மூச்சு முட்டாது, பேசவும் இயலும். பின்னர்ப் படுத்த நிலையில், தேக்கரண்டி அளவு நீரைப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். இடையிடையே அரை நிமிடம் உமிழ்நீரைக்கூட விழுங்கலாகாது. சோதனையில் கடினமான பகுதி இதுவே எனலாம். ஒவ்வொரு விழுங்கலின் அழுத்தமும் கணினித் திரையில் வண்ணப் படமாகத் தோன்றும். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அலை வலுக்குன்றியிருக்கலாம், அளவுக்கு மீறி இறுக்கலாம். அலையே எழாமல், அடிக்கதவும் திறவாதிருப்பின் அது அக்கலேசியா எனப்படும் நோய். இந்நோயாளிக்குச் சோறு மட்டுமன்றித் தண்ணீரும் நிற்கும், இரவில் படுத்தால் செரியாத உணவு வாய்க்கே திரும்பும், உடல் மெலியும்.

கெட்டுப்போன நரம்புகளை மீட்க மருந்தில்லை. எனினும் இறுகிய கதவைத் தளர்த்த இயலும். பலூனை உட்செலுத்தி விரிப்பது ஒரு முறை. தசையைக் கீறிவிடும் அறுவையை 1913-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்து காட்டினார். வயிற்றைத் திறவாமல் வாய்வழியே அத்தசையைக் கீறும் முறை 2008-ஆம் ஆண்டில் ஜப்பானில் தொடங்கியது. இவற்றுள் எது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்ய, மேனோமெட்ரியின் படம் பெரிதும் உதவுகிறது.