விருதுக்குப் பச்சை, திரைக்குச் சிவப்பு

காட்கோபரில் நான் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அன்பர்களே, இத்தனை ஆண்டுகளில் நான் செய்த ஒரு தவறை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

1997 ஜூலை 11 காலை, எங்கள் பகுதியிலுள்ள ரமாபாய் நகரில் டாக்டர் அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். கொதித்துப்போன மக்கள் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ரிசர்வ் போலீசார் சுட்டதில் பத்துப் பேர் உயிரிழந்தனர். எரிவாயு டாங்கர் லாரியைக் கொளுத்த வந்தார்கள், அதனால்தான் சுட்டோம் என்றது காவல்துறை. நான் அதை நம்பினேன். வீட்டிலும் ரயிலிலும் அதையே சொன்னேன். ரமாபாய் நகருக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

என் கண்ணைத் திறந்தது ஒரு ஆவணப்படம். ஆனந்த் பட்வர்தன் பதினான்கு ஆண்டுகள் உழைத்து 2011-இல் முடித்த ‘ஜெய் பீம் காம்ரேட்’. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். டாங்கர் கதையை அதில் பிரித்து மேய்ந்திருக்கிறார். நீதிபதி குண்டேவார் ஆணையமும் துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்றே முன்பு கூறியிருந்தது. அந்தத் துயரம் தாளாமல் நான்கு நாள் கழித்து உயிரை மாய்த்துக்கொண்ட மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே, பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ (1985) படத்தில் பாடியவர்.

‘ஹமாரா ஷஹர்’ குடிசை இடிப்பைப் பற்றியது. நமக்கும் அது அந்நியமல்ல. 1981-இல் குடிசை இடிக்கப்பட்டு, பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்ட அங்கமுத்து என்ற தொழிலாளி திரும்பி வந்து உச்ச நீதிமன்றம் வரை போனதை மூத்தவர்கள் அறிவார்கள்.

‘ஜெய் பீம் காம்ரேட்’ 2012-இல் மும்பை சர்வதேச திரைப்பட விழாவில் விருது பெற்றது. அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நடத்திய விழா அது. அதே விழா 2004-இல், குஜராத் கலவரம் பற்றிய ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ படத்தை ஒதுக்கியது. பெர்லினில் விருது பெற்ற படம்! தணிக்கை வாரியமும் தடை விதித்து, அதே ஆண்டில் விலக்கிக்கொண்டது. சில ஆண்டுகளில் தேசிய விருதும் கிடைத்தது.

பட்வர்தனுக்கு இது பழகிப்போன கதை. அயோத்தி பற்றிய ‘ராம் கே நாம்’ 1992-இல் தேசிய விருது பெற்றும் தூர்தர்ஷன் காட்ட மறுத்தது. 1995-இல் வந்த ‘பித்ர, புத்ர அவுர் தர்மயுத்’ தேசிய விருது பெற்றும் அதே கதி. 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பச் சொல்லித்தான் கதவு திறந்தது. 2018-இல் ஆம்ஸ்டர்டாமில் பரிசு வென்ற ‘விவேக்’ படத்தை மறு ஆண்டு கேரள விழாவில் திரையிடவும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

ரயில்வேயில் ‘இன்டர்லாக்கிங்’ என்று ஒன்று உண்டு. பாயிண்ட் சரியான தடத்துக்குத் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் பச்சை காட்டும். வழியை அடைத்துவிட்டுப் பச்சை விளக்கு எரிய விடவே முடியாது. செய்தித் துறையிலோ, விருது தரும் பிரிவு பச்சை காட்டும். தணிக்கையோ தூர்தர்ஷனோ சிவப்பு காட்டும். இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே அமைச்சகம்!

அப்படியானால் விருதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. அரசே பாராட்டிய படத்தை அரசே மறைப்பது என்ன நியாயம் என்று நீதிமன்றத்தில் கேட்க அது கை கொடுத்தது. இயக்குநருக்கு அது பதக்கம். பார்க்க விரும்பும் நமக்கு அது சாவி.

சாவி இருந்தும் கதவைத் திறக்காமல் இருப்பது யார் குற்றம்? நம் சங்கத்தில் பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நாள் ஒதுக்குகிறோம். ஆண்டுக்கு ஒரு மாலை இத்தகைய ஒரு படத்துக்கும் ஒதுக்கலாமே! பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளலாம், சண்டையும் போடலாம். பதினைந்து ஆண்டுகள் ஒரு பொய்யைச் சுமந்த என்னைப் போல நம் பிள்ளைகள் ஆகவேண்டாம்.