கண்டிப் பாறைகளும் ஏறுவோர் சாஸ்திரமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலை கடுகண்ணாவைக் கணவாயை நெருங்கும் இடத்தில், பள்ளத்தாக்கிற்கு அப்பால் தனித்து நிமிர்ந்து நிற்கும் பத்தலேகலையை, வெள்ளைக்காரர் தம் வேதநூலின் வடிவைக் கண்டு பைபிள் பாறை என்று பெயரிட்ட அந்த 798 மீற்றர் உயரக் குன்றை, நிமிர்ந்து நோக்காத பிரயாணி அரியர். அதன் உச்சிக்கு நடந்தே போய்வர வழியுண்டு. ஆயினும், அந்த வழியை விட்டுவிட்டுச் செங்குத்தான முகத்தையே பார்த்து, எங்கே கால் வைக்கலாம், எங்கே விரல் கொளுவலாம் என்று கணக்கிடும் சிலர் உலகெங்கும் இருக்கின்றனர். உச்சியை அடைந்தானா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்; எவ்விதம் அடைந்தான் என்பதே பிரதானம்.

அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, கயிறு எதற்காக என்பது. கயிற்றையும் ஆணியையும் பற்றி இழுத்து மேலேறினால் அது துணைக்கருவி ஏற்றம். கையும் காலும் பாறையை மட்டுமே பற்ற, ஏறுபவன் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் கயிறு இருந்தால் அது ஃப்ரீ கிளைம்பிங். முன்னே ஏறுபவன் இடுப்புப் பட்டியில் எட்டு வடிவ முடிச்சிட்டுக் கயிற்றைப் பிணைத்துக்கொண்டு, போகப்போக அதனைக் கரபினர் என்னும் உலோக வளையங்களில் மாட்டிச் செல்ல, கீழே நிற்கும் துணைவன் தடுப்புக் கையை ஒரு கணமும் எடுக்காமல் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கொடுக்கிறான். கடைசி வளையத்திற்கு மேலே இரண்டு மீற்றர் ஏறி நழுவினால் வீழ்ச்சி நான்கு மீற்றர். கயிற்றின் நீட்சியும் அதனோடு கூடும். பாறையில் முன்னரே துளையிட்டுப் பதித்த போல்ட்டுகளை நம்பினால் ஸ்போர்ட் ஏற்றம். வெடிப்புகளில் தானே உலோக ஆப்புகளைச் செருகி, பின்வருபவன் அவற்றைக் கழற்றி வந்தால் டிராட் ஏற்றம். பின்னதே கண்ணியமானது என்பது என் அபிப்பிராயம். பாறையில் தழும்பு மிஞ்சுவதில்லையே. கயிறே இன்றி, கீழே மெத்தை விரித்துச் சிறு பாறைகளில் பயில்வது போல்டரிங். மெத்தையுமின்றி, கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 900 மீற்றர் உயர எல் கப்பிட்டான் சுவரை 2017 ஜூன் 3ஆம் திகதி நான்கு மணி நேரத்திற்குள் ஏறி முடித்த அலெக்ஸ் ஹொனல்டின் சாகசத்தை வியக்கலாம்; பின்பற்றுமாறு எவருக்கும் சொல்ல மனம் வராது.

கண்டியைச் சூழ்ந்த மலைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், குவார்ட்சைட் போன்ற மிகப் புராதனமான உருமாறிய பாறைகளால் ஆனவை. இவ்வகைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் படலம் படலமாக உரிந்து, பிடிப்பதற்கு விளிம்பில்லாத வழவழப்பான சரிவுகளாகிவிடும் இடங்களும் உண்டு. அங்கே புஜபலம் உதவாது. ரப்பர் அடியுள்ள சப்பாத்தின் முன்பாகத்தைப் பாறையில் பதித்து, குதிகாலைத் தாழ்த்தி, உடலைப் பாறையிலிருந்து சற்று விலக்கி, பாரம் முழுவதையும் பாதத்தின் மேல் நிறுத்த வேண்டும். புதியவனோ அச்சத்தால் பாறையை மார்போடு அணைத்துக்கொள்கிறான். அந்த அணைப்பே பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து அவனை வழுக்கச் செய்கிறது.

பாறையேறும் இந்த வித்தை மேல்நாட்டார் கொண்டுவந்ததன்று. கண்டிக்குக் கிழக்கே மகியங்கனைக்கு அப்பாலுள்ள காடுகளில் வேடர்கள், கொடிகளால் முறுக்கிய ஏணியை மலைமுகட்டிலிருந்து தொங்கவிட்டு, அதில் இறங்கி, புகைமூட்டி, மலைத்தேனீயின் அடைகளை எடுத்து வந்தனர். அதனை செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளனர். சிவனொளிபாதமலைக்கு 1344இல் ஏறிய இபுன் பதூதாவும் பக்தர்கள் பற்றி ஏறும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதிவைத்தார். இரண்டும் துணைக்கருவி ஏற்றமே. ஆனால் வயிற்றுக்காகவும் பக்திக்காகவும் ஏறியவர்களிடம் விளையாட்டின் நியாயம் பேசுவது அழகன்று.

கடினத்தை அளப்பதற்கும் பிரமாணங்கள் உண்டு. அமெரிக்க அளவை 5.0 முதல் 5.15 வரை செல்கிறது. பிரெஞ்சு அளவையில் 9c என்னும் படியை நோர்வேயில் 2017இல் அடம் ஒன்ட்ரா முதன்முதலில் எட்டினார். இவ்வெண்கள் உலர்ந்த பாறைக்கே உரியவை. இரு பருவமழைகளும் தொடும் கண்டி நாட்டில், பாசி படர்ந்த சரிவு மழை விட்ட மறுநாள் எந்த எண்ணுக்கும் கட்டுப்படாது. தேனீயின் சமாசாரமோ இன்னும் விபரீதம். சிகிரியாவின் சிங்கபாத முற்றத்தில், அவை தாக்கினால் மக்கள் ஒதுங்குவதற்கெனக் கம்பிவலைக் கூண்டே வைத்திருக்கிறார்கள். நடுச்சுவரில் கயிற்றில் தொங்குபவனுக்கு அத்தகைய கூண்டு இல்லை, ஆகையால் கூடு தொங்கும் விளிம்பின் கீழே வழி தேடாமல், எத்தனை நல்ல பாறையானாலும் விட்டு விலகுவதே ஏறுவோர் வழக்கம்.