காத்திருப்பின் கணக்கு

2021 ஏப்ரல் 28, மாலை 4 மணி. பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு அகவை வரை உள்ளோர் கொரோனாத் தடுப்பூசிக்குப் பெயர் பதிவதற்காகக் கோவின் தளம் திறந்துவிடப்பட்டது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 இலட்சம் வினவல்கள் அதன் வழங்கிகளில் வந்து மோதின. அன்றைய நாள் முடிவதற்குள் ஒரு கோடியே 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்துவிட்டனர். பெயரைப் பதிவது எளிதாயிற்று. ஊசி போட்டுக்கொள்ளும் இடமும் நாளும் வாய்ப்பதுதான் அரிதாயிற்று. திறந்த இடங்கள் கண்ணிமைப்பதற்குள் நிரம்பின. ஆகவே, நிரலெழுதத் தெரிந்தவர்கள் கணினியையே காவலுக்கு அமர்த்தினர். சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமசு அமைத்த ‘அண்டர்45’ என்னும் தளம் அவ்வகையில் நாடறிந்தது.

இந்த நிரல்கள் செய்த வேலை ஒன்றே. மாவட்ட எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, நிரல்களுக்கெனத் திறந்திருந்த கோவினின் பொதுவாயிலை (API) வினவினால், அன்றிலிருந்து ஏழு நாள்களுக்கு எந்த நிலையத்தில் எத்தனை இடங்கள் உள்ளன என்ற பட்டியல் வரும். தமிழ்நாட்டுப் பட்டியலில், நலவாழ்வுத் துறை தனக்கென வகுத்த நலவாழ்வு மாவட்டங்களும் தனியெண் பெற்றிருந்தன. விருதுநகருக்கு ஓர் எண், சிவகாசிக்கு வேறோர் எண். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையிலுள்ள வன்னியம்பட்டியில் இருப்பவர் இவ்விரண்டையும் கேட்க வேண்டும். பயணத்துக்கு அஞ்சாதவராயின் தென்காசி, மதுரை, தேனியையும் சேர்த்துக்கொள்ளலாம். மாநிலம் முழுமைக்கும் உதவ விரும்பிய நிரலாளருக்கோ நாற்பதுக்கும் மேற்பட்ட எண்கள்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது முதல் வழி. ஒரு வினவலுக்கு அரை நொடி எனக் கொண்டால், நாற்பதுக்கு இருபது நொடி ஆகும். அந்த அரை நொடி எங்கே செலவாகிறது என்பதில்தான் பொருளே அடங்கியுள்ளது. வன்னியம்பட்டியிலிருந்து, தரவு மையங்கள் மிகுந்த மும்பை, நேர்கோட்டில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி நொடிக்கு 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வர 12 மில்லிநொடி. எவ்வளவு பொருள் செலவிட்டாலும் இதற்குக் கீழே இறங்க இயற்கை இடந்தராது. நடைமுறையில் கம்பிவடம் வளைந்து செல்லும். இடையிலுள்ள திசைவிகள் ஒவ்வொன்றும் சிறிது தாமதிக்கும். தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்ற ஒரு கேள்வி, இணைப்பை நிறுவ ஒரு போக்குவரவு, மறையீட்டுக்கு மேலும் ஒன்றோ இரண்டோ. அதன் பிறகே உண்மையான வினவல் புறப்படும். மறுமுனையில் வழங்கி தன் தரவுத்தளத்தைத் தேடும் நேரம் வேறு. இத்தனைக்கும் நடுவே நம் கணினியின் செயலி என்ன செய்கிறது? நொடிக்கு 300 கோடித் துடிப்புடையது அது. அரை நொடியில் 150 கோடித் துடிப்புகள் கடந்துவிடுகின்றன. அவற்றில் மிகச் சிறு பங்கே வினவலை எழுதவும் விடையைப் படிக்கவும் பயன்படுகிறது, எஞ்சியதெல்லாம் வெறுங்காத்திருப்பு.

பணியிழைகள் அந்தக் காத்திருப்பையே முதலாக்குகின்றன. ஒரு நிரலுக்குள் தனித்தனியே ஓடவல்ல செயலோட்டங்கள் அவை. நினைவகம் எல்லாவற்றுக்கும் பொது. நாற்பது எண்களையும் ஒரு வரிசையில் இட்டுப் பத்து இழைகளை ஏவினால், ஒவ்வோர் இழையும் வரிசையின் தலையிலுள்ள எண்ணை எடுத்து வினவலை அனுப்பிவிட்டு உறங்கும். ஓர் இழை உறங்கியதும் இயங்குதளம் செயலியை அடுத்த இழைக்குக் கொடுக்கும். பத்துக் காத்திருப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, இருபது நொடி வேலை இரண்டு நொடியில் முடியும். ஒரே எண்ணை இரண்டு இழைகள் எடுத்துவிடாதபடி வரிசைக்குப் பூட்டு வேண்டும். விடைகளைத் தொகுக்கும் இடத்திலும் அவ்வாறே. 2011-இல் வெளிவந்த பைத்தான் நிரல்மொழியின் 3.2 பதிப்பு இவற்றையெல்லாம் ஆயத்த நிலையிலேயே தந்தது. ஒரு நேரத்தில் ஓர் இழையே நிரலாணைகளை இயக்கலாம் என்ற கட்டுப்பாடு அம்மொழியில் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் வலைப்பின்னலின் விடைக்காக உறங்கும் இழை அவ்வுரிமையை விட்டுக்கொடுத்துவிடுவதால், இவ்வேலைக்கு அது தடையன்று. மாறாக, செயலியை ஓயவிடாத பெரும் பெருக்கல்களைச் செய்விக்க அதே இழைகளை ஏவினால் பயன் இராது.

இழைகளைக் கூட்டிக்கொண்டே போகலாமா? லினக்சு இயங்குதளம் ஒவ்வோர் இழைக்கும் இயல்பாக 8 மெகாபைட்டு முகவரிவெளியை ஒதுக்குகிறது. உறங்குவோரை எழுப்பி மாற்றும் பணியும் செயலியைத் தின்னும். பல்லாயிரம் இணைப்புகள் தேவைப்படுமிடத்தில் ஒற்றை இழையே எல்லா இணைப்புகளையும் நோக்கியிருந்து, விடை வந்ததை மட்டும் கவனிக்கும் முறை சிறந்தது. இராசபாளையத்து நூற்பாலைகளில் நூற்றுக்கணக்கான கதிர்களுக்கு சைடர் எனப்படும் பணியாளர் ஒருவரே நிற்பதும், நூல் அறுந்த கதிருக்கு மட்டும் கைகொடுப்பதும் இம்முறையே.

எத்தனை இழைகள் போதும் என்பதற்குத் தெளிவான விடை ஒன்று உண்டு. 1961-இல் அமெரிக்க அறிஞர் சான் லிட்டில் நிறுவிய தேற்றம் அது: ஓர் அமைப்பினுள் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, நொடிக்கு நுழைவோரை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். நொடிக்கு இருபது வினவல் வேண்டும், ஒன்றுக்கு அரை நொடி ஆகும் என்றால் பத்து இழைகள் போதும். இத்தனை எளிய கணக்கைப் போடாமல், நூறு, இருநூறு என்று மனம்போனபடி எண்ணை எழுதுவோரே மிகுதி என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அதே கணக்கைக் கோவினுக்குப் போட்டுப் பார்த்தால் எதிர்பாராத விடை கிடைக்கிறது. அதன் பொதுவாயில், ஒரு முகவரியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு நூறு வினவல்களையே ஏற்கும் என்று வரம்பு வகுத்திருந்தது. பத்து இழைகள் ஐந்து நொடியில் அந்த நூறையும் தீர்த்துவிடும். எஞ்சிய 295 நொடியும் கதவடைப்பு. மாறாக, மூன்று நொடிக்கு ஒன்று என்று சீராகக் கேட்டால், லிட்டில் தேற்றப்படி தேவை ஆறில் ஓர் இழை! ஒற்றை இழைக்கே ஆறில் ஐந்து பங்கு ஓய்வு. அதற்கு மேற்பட்டவை அனைத்தும் வீண். மே மாதத்தில் அவ்வாயிலின் விடைகள் அரைமணி நேரம் வரை பழையனவாக இருக்கலாம் என்ற அறிவிப்பும் வந்தபின், விரைந்து கேட்பதன் பொருளே மங்கியது. இழைகள் நம் பக்கத்துக் காத்திருப்பைத்தான் குறைக்கும். எதிர்ப்பக்கத்துக் கொள்ளளவை ஓர் இம்மியும் கூட்டா. நூறு வேறு வேறு தளங்களிலிருந்து செய்தி திரட்டுவோருக்குப் பல இழைகள் பெருந்துணை; ஒரே வாயிலில் நிற்போருக்கு வாயிலின் அகலமே அளவு.

வரம்பைக் கடந்தவரின் வினவலுக்கு வழங்கிகள் 429 என்னும் குறியெண்ணால் மறுமொழி தருவது இணைய மரபு. மறுக்கப்பட்ட இழைகள் அனைத்தும் ஒரே நொடி பொறுத்து மீண்டும் கேட்டால் மீண்டும் ஒன்றாகவே மோதும். அவாய்த் தீவுகளை வானொலி அலைகளால் இணைக்க 1971-இல் நார்மன் ஆபிராம்சன் குழுவினர் அமைத்த அலோகா வலைப்பின்னல் இவ்விடரை முன்பே கண்டது. மோதிய நிலையங்கள் குறிப்பிலாத் தற்செயல் நேரம் பொறுத்து மறுபடி அனுப்பின. பொறுக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பது, பின்னர் வந்த ஈதர்நெட்டு வலைப்பின்னல் சேர்த்த செப்பம். இன்று பொறுப்புள்ள நிரல் எதுவும் இவ்விரண்டையும் கைக்கொள்ளும்.

கோவின் வைத்த வரம்பு முறையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது நிரல்களுக்கிடையே மட்டும் சமன்செய்தது. நிரலும் திறன்பேசியும் இல்லாதவர் அந்த வரிசையிலேயே இல்லை. நகரத்தார் இணையத்தில் இடம் பிடித்துச் சிற்றூர் நிலையங்களுக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்ட செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தன. மே 31 அன்று உச்சநீதிமன்றம் இந்த எண்ணிமப் பிளவை எடுத்துக்காட்டி நடுவணரசைக் கேள்வி கேட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னரே, மே 24 அன்று, அரசு நிலையங்களில் நேரில் வருவோரையும் பதிந்துகொள்ளலாம் என்று நடுவணரசு விதியைத் தளர்த்தியிருந்தது. சூன் 21 முதல் பதினெட்டு அகவை நிறைந்த அனைவருக்கும் அரசு நிலையங்களில் கட்டணமின்றி ஊசி போடப்பட்டது.