ஃபைனல் இயர் புராஜெக்ட்... திரும்பிப் பார்த்தது உலகம்!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டை எந்தக் கடையில வாங்கலாம்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்களா பாஸ்? ஒரு நிமிஷம் ப்ளீஸ்!

கான்பூர் ஐ.ஐ.டி-யில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச நீரஜ் கயால், நிதின் சக்சேனா ரெண்டு பேரும் எடுத்துக்கிட்ட புராஜெக்ட், 'ஒரு எண் பகா எண்ணா, இல்லையா?'

'ப்பூ, இவ்வளவுதானா!'ங்கிறீங்களா? 91 பகா எண்ணா, சொல்லுங்க? யோசிக்கிறீங்கல்ல... இல்லை, அது 7 x 13! ரெண்டு இலக்கத்துக்கே இப்படினா, நூறு இலக்க எண்ணை வகுத்து வகுத்துப் பார்க்க கம்ப்யூட்டருக்கே ஆயுசு பத்தாது. வேகமான வழிகள் இருந்துச்சு. ஆனா, சிலது 'அநேகமா பகா எண்தான்'னு இழுக்கும். சிலது நிரூபிக்காத யூகத்தை நம்பி நிற்கும்.

2002 ஏப்ரலில் ரிப்போர்ட் கொடுத்தப்பவும் முழு விடை கிடைக்கலை. 'மார்க் வந்தாச்சு, ஆளை விடுங்க'னு ரெண்டு பேரும் கிளம்பலை. பிஎச்.டி சேர்ந்து, பேராசிரியர் மணீந்திர அகர்வாலோட அதே கணக்கைத் தொடர்ந்தாங்க. ஆகஸ்ட்டில், இலக்கம் கூடினாலும் நேரம் எகிறாத, சந்தேகமே இல்லாத வழி ரெடி! கட்டுரை ஒன்பதே பக்கம். மூணு பேர் இனிஷியலும் சேர்ந்து 'ஏ.கே.எஸ்.' டெஸ்ட். 2006-ல் கோடெல் பரிசு!

ஆன்லைன் பாதுகாப்புக்கு இன்னிக்கும் அந்த 'அநேகமா' முறைகள்தான். நடைமுறையில அதுதான் வேகம். ஆனா, உறுதியா சொல்ல முடியுமாங்கிற கேள்விக்கு இவங்கதான் பதில்.

அடுத்த வருஷம் நானும் ஃபைனல் இயர். சீனியர் கொடுத்த புராஜெக்ட் கடை நம்பர் செல்லில் இருக்கு. டெலிட் பண்ணிடலாமானு யோசிக்கிறேன். நீங்க?