வாக்குச்சாவடி தெரிந்த குறுஞ்செய்தி

வாக்காளர் பட்டியலில் ஒருவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும்; செல்போன் எண் இருக்காது. செல்போன் நிறுவனத்திடம் எண்ணும் முகவரியும் இருக்கும். அந்த எண்ணுக்குரியவர் எந்தச் சாவடியில் ஓட்டுப் போடுகிறார் என்பது இருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ஒன்று, வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது புதுச்சேரியில் எழுந்த சர்ச்சையின் மையம் இதுதான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய வாரங்களில் வாக்காளர்களின் செல்போன்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. அதில் இருந்த இணைப்பைத் தொட்டால் அவரவர் சாவடிக்கென்று தொடங்கப்பட்ட வாட்ஸ்அப் குழுவுக்குள் போகலாம். இவற்றைப் பாரதிய ஜனதா கட்சியின் புதுச்சேரிப் பிரிவு அனுப்பியது என்றும், ஆதாரோடு இணைக்கப்பட்ட எண்களுக்கு மட்டுமே அவை வந்தன என்றும் குற்றம்சாட்டி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரி நிர்வாகி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். கட்சி அதை மறுத்தது. எண்களைத் தன் தொண்டர்கள் பாடுபட்டுத் திரட்டியதாகச் சொன்னது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அடங்கிய அமர்வு அந்த விளக்கத்தை எளிதில் ஏற்கவில்லை. குற்றச்சாட்டு நம்பத்தகுந்ததாக இருக்கிறது என்று கருதிய நீதிபதிகள், விசாரணை முடியும்வரை தேர்தலைத் தள்ளிவைக்க முடியுமா என்றுகூடத் தேர்தல் ஆணையத்திடம் கேட்டார்கள். மக்கள் நம்பிக் கொடுத்த விவரங்கள் வெளியே போனது எப்படி என்று ஆதார் ஆணையம் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். தேர்தல் குறித்த நாளில் நடந்தது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி கட்சிக்காரர்களுக்கு வேண்டுமானால் அரசியலாக இருக்கலாம். நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள கரியமாணிக்கம் போன்ற ஊரில் இருப்பவருக்கு அது அன்றாடத்தைத் தொடும் கேள்வி. புதுச்சேரியில் ஒரு குடும்பத்தின் விவரங்கள் மற்ற மாநிலங்களைவிட முன்னதாகவே ஒன்றோடொன்று கோக்கப்பட்டுவிட்டன. ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை நாட்டிலேயே முதன்முதலாக 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. பணம் வந்து சேர வேண்டுமானால் சிவப்பு அட்டையோ மஞ்சள் அட்டையோ, அதிலுள்ள பெயர்கள், குடும்பத் தலைவியின் ஆதார், வங்கிக் கணக்கு, பணம் ஏறியதைச் சொல்லும் செல்போன் எண் எல்லாம் ஒரே சரட்டில் வர வேண்டும். மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தன. கோத்த சரடு அப்படியேதான் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை, கேஸ் மானியம், பள்ளி உதவித்தொகை என்று ஒவ்வொன்றும் அதே எண்ணைத்தான் கேட்கின்றன.

பட்டியல்களைப் பொருத்துவது எவ்வளவு எளிது என்பதை உலகுக்குக் காட்டியவர் லத்தான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர். 1990-களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காப்பீட்டு அமைப்பு, அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. பெயர், முகவரி எல்லாம் நீக்கியாகிவிட்டது, ஆளை அடையாளம் காண முடியாது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநரின் பிறந்தநாளில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டுக்குள் இருந்தவர் ஒருவர்தான். அந்த மூன்று விவரங்களும் மருத்துவமனைப் பதிவிலும் இருந்ததால், ஆளுநருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது தெரிந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று பின்னர் அவர் கணக்கிட்டார்.

இதே கணக்கைச் சிற்றூருக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சாவடியில் 1,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் என்றதும் 500 ஆகிறது. அவர்களின் வயது அறுபது ஆண்டுகளில் பரவியிருந்தால், பிறந்த ஆண்டைச் சொன்னதும் ஏறத்தாழ எட்டுப் பேர். பிறந்த மாதத்தையும் சொன்னால் ஒருவர். சில மாதங்களுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார். பெயரைச் சொல்லவே தேவையில்லை. பெருநகரத்தில் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளும் வசதியாவது உண்டு. ஊர் சிறியதாக ஆக, ஆளைப் பிடிப்பதற்குத் தேவையான விவரமும் குறைந்துகொண்டே போகிறது.

கிராமத்தில் என்ன பெரிய அந்தரங்கம், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெருவுக்கே தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தெரு அறிவது இருபக்கமும் ஓடுவது. எட்டிப் பார்க்கிறவர் வீட்டையும் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். சொன்னது திரியும், மறக்கும், ஊர் எல்லையைத் தாண்டாது. கணினியில் ஏறியது மறக்காது. பார்ப்பவர் யார் என்பது பார்க்கப்படுபவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது தவறு.

செல்போன் தானாகவே விட்டுச்செல்லும் தடம் வேறு வகை. யாரோடும் பேசாமல் சட்டைப் பையில் கிடந்தாலும், எந்த வட்டாரத்தில் இருக்கிறோம் என்பதை அது டவருக்கு அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்கும். அப்படித் தெரிவிக்காவிட்டால் அழைப்பு வரும்போது எந்த டவர் வழியாகக் கூப்பிடுவது என்று நிறுவனத்துக்குத் தெரியாது. பெரும்பாலான டவர்களின் வட்டம் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பங்கில் போன் இருக்கிறது என்பதும், அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்து எவ்வளவு தொலைவு என்பதும் கணக்காகும். பழைய இரண்டாம் தலைமுறை நுட்பத்தில் இந்தத் தொலைவை அளக்கும் படி சுமார் 550 மீட்டர். நான்காம் தலைமுறையில் சுமார் 78 மீட்டர். புதுச்சேரியின் நிலம் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பதால், கரியமாணிக்கத்தில் இருக்கும் போன் எல்லைக்கு அப்பால் உள்ள டவரையும் பிடிக்கலாம். ஆகவே டவர் பதிவு மட்டும் ஆள் நின்ற இடத்தைக் கச்சிதமாகக் காட்டிவிடாது. போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது: திறந்தவெளியில் சில மீட்டர் துல்லியம். இடத்தைப் பார்க்க அனுமதி பெற்ற செயலிகள் எல்லாம் அதைப் படிக்கலாம்.

யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவரில் இருந்து பேசினார் என்ற அழைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய அரசு உரிம விதியை மாற்றியது. அதற்கு முன் ஓராண்டு. பேச்சு அதில் இருக்காது. அதனால் பாதகமில்லை என்று நினைக்கத் தோன்றும். 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இடப்பதிவுகளை ஆராய்ந்து, இவ்-அலெக்சாந்தர் த மோன்ஜ்வா குழுவினர் 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எந்த நேரம், எந்த டவர் என்ற விவரம் நான்கே நான்கு கிடைத்தால் போதும். அவர்களில் 95 சதவீதம் பேரைத் தனித்து அறியலாம். வீடு, வேலையிடம், வாரம் ஒரு கோயில், மாதம் ஒரு மருத்துவமனை. அவ்வளவுதான்.

கண்காணிப்பு யார்மேல் முதலில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களைக் காலையும் மாலையும் பணியிடத்தில் படம் எடுத்து, இடக்குறியோடு செயலியில் ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. வராதவர் பெயரில் கூலி எழுதும் மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. சிக்னல் கிடைக்காத இடத்தில் படம் ஏறாமல் கூலி போனதாகத் தொழிலாளர்கள் புலம்பினார்கள். மோசடி செய்பவர்கள் வேறு வழி கண்டார்கள்: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுவது எனப் பல தில்லுமுல்லுகளை 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் பட்டியலிட்டது. வெயிலில் வரிசையில் நின்று முகம் காட்டியவர்களின் படங்கள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின. ஏமாற்றுபவரைப் பிடிக்காமல் ஒழுங்காக வந்தவரைப் பதிவு செய்துவைத்ததே இந்த நுட்பத்தின் பலன்.

அடுத்து வீட்டுச் சுவருக்கு வரப்போவது ஸ்மார்ட் மீட்டர். புதுச்சேரியில் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர் திட்டத்துக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. பேச்செல்லாம் கட்டணத்தைப் பற்றித்தான். அந்தரங்கம் பற்றி அதிகம் பேச்சில்லை. பழைய மீட்டர் இரண்டு மாதத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒரு எண்ணைத் தரும். புதியது 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும். வீட்டில் ஆள் இருக்கிறதா, எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எத்தனை நாள் பூட்டிக்கிடந்தது என்பதெல்லாம் அந்த எண்களில் தெரியும். மின்சாரம் ஏறி இறங்கும் விதத்தைக் கொண்டே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை அமெரிக்காவின் ஜார்ஜ் ஹார்ட் 1980-களிலேயே உருவாக்கிவிட்டார். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை, அந்தரங்கத்தைக் காரணம் காட்டி 2009-இல் மேலவை நிறுத்திவைத்தது. மீட்டர் பொருத்துவது பிறகு அங்கே வீட்டுக்காரர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

சேர்த்துவைத்தது பத்திரமாக இருக்குமா என்றால், அண்டை மாநில அனுபவம் நம்பிக்கை தரவில்லை. 2021 ஜூன் இறுதியில் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டு சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். ஒரு கணக்கின் கடவுச்சொல் கைமாறியதே அதற்கு வழியானது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் கைரேகையையும் மாற்ற முடியாது.

சட்டம் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்துவிட்டு, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க 57-ஆம் பிரிவு விட்ட வழியை அடைத்தது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. அதே சட்டம், தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதிக விவரம் வைத்திருப்பவருக்கே விலக்கு என்பது இதன் பெரிய ஓட்டை. புதுச்சேரிக் குறுஞ்செய்தி விவகாரம் நடந்தபோது இந்தச் சட்டமும் இல்லை.

அந்தச் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வரும்வரை கையில் இருப்பவை சில சிறு வழிகள்தான். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு வழியாகச் சேர்ந்தவரின் எண், முன்பின் தெரியாதவர்கள் உட்பட குழுவில் உள்ளவர்களின் பார்வைக்குப் போகும் என்பதை வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். 2025 முதல் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து வருகிறது: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. ஜெராக்ஸ் கடையிலும் விடுதியிலும் ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். கைரேகையைப் பூட்டிவைக்கவும், கடந்த ஆறு மாதங்களில் தங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கவும் ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே வசதி உண்டு. தெரியாத இடம் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், 1947 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டுத் தமிழிலேயே புகார் சொல்லலாம்.