பச்சையில் இரண்டு வகை

கொல்லிமலைச் சாமையில் உமி போனால்தான் சோறு. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி என்று அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில்தான் இருந்தது. சாமைச் சோறு அடுப்பிலிருந்து விலகிப் போனதற்கு இந்தப் பாடும் ஒரு காரணம். காட்டில் மரவள்ளி பரவியது இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்து வருகிறது. ஊர்களில் உமி நீக்கும் மிஷின்கள் வந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

மிஷின் வந்தால் உதிரி பாகமும் வேண்டும். மோட்டார் உட்காரும் அடித்தகடு ஒன்று விரிசல் விட்டுவிட்டது, அளவு தருகிறோம், வரைந்து வெட்டிக் கொடுங்கள் என்று மலையிலிருந்து என்னிடம் கேட்டார்கள். 240 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம், போல்ட்டுக்கு நான்கு துளை. கம்ப்யூட்டரில் ஃப்ரீகேடைத் திறந்து வரைந்தேன். காசில்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள் அது. அரை மணி நேர வேலைதான். ஆனால் தகட்டை வெட்டி, 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் வைத்துப் பார்த்தால், ஒரு துளை 3 மி.மீ. தள்ளி நின்றது. போல்ட் இறங்கவில்லை. திரையில் பார்த்த பச்சை நிறத்தை அவசரத்தில் தப்பாகப் படித்துவிட்டேன்.

அந்தப் பச்சையைப் புரிந்துகொள்ள, கோடு எப்படி நகரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். திரையில் ஒரு கோடு போட்டால் அதற்கு இரண்டு முனை. ஒவ்வொரு முனையும் பக்கவாட்டிலும் நகரும், மேலும் கீழும் நகரும். ஆக, ஒரு கோட்டுக்கு நகர நான்கு வழி. செவ்வகத்தின் நான்கு கோடுகளுக்குப் பதினாறு. மூலைகள் நான்கையும் ஒட்டினால் எட்டு வழி அடைபடும். இரண்டு கோடு படுக்கையாகவும் இரண்டு கோடு செங்குத்தாகவும் இருக்கட்டும் என்றால் இன்னும் நான்கு போகும். மிச்சம் நான்கு: நீளம், அகலம், செவ்வகம் எங்கே நிற்கிறது என்பதற்கு இரண்டு. 240, 180 என்று அளவு கொடுத்து, நட்டநடுப் புள்ளியைத் திரையின் மையத்தில் கட்டிவிட்டால் கணக்கு பூஜ்யம். இனி சுட்டியால் எப்படி இழுத்தாலும் செவ்வகம் அசையாது.

இந்தக் கணக்கைத்தான் நிறம் சொல்கிறது. ஃப்ரீகேடை நிறுவியபடியே வைத்திருந்தால், நகர வழியுள்ள கோடு வெள்ளையாக இருக்கும். ஓவியம் முழுவதும் கட்டுப்பட்டதும் எல்லாம் பளிச்சென்ற பச்சைக்கு மாறும். துணைக்கு மட்டும் போடும் கோடு நீலம். ஒட்டுவது, அளவு கொடுப்பது போன்ற கட்டுகளின் குறிகள் சிவப்பு. இவை எல்லாம் கோட்டின் நிலையைச் சொல்பவை.

இதே திரையில் இன்னொரு வகை நிறமும் இருக்கிறது. அது கோட்டைப் பற்றியது அல்ல, நம் கையைப் பற்றியது. சுட்டியைக் கோட்டின் மேல் கொண்டுபோனால் கோடு மஞ்சளாகும். 'இப்போது கிளிக் செய்தால் இதுதான் மாட்டும்' என்று அர்த்தம். மூலையில் இந்த மஞ்சள் ரொம்ப முக்கியம். அங்கே இரண்டு கோடும் ஒரு புள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்கும், எது சிக்கப் போகிறது என்று கிளிக் செய்யும் முன்பே மஞ்சள் காட்டிவிடும். கிளிக் செய்ததும் அந்தக் கோடு பச்சையாகும். கொஞ்சம் அடர்ந்த பச்சை.

கட்டுப்பட்டதும் பச்சை, கையில் பிடித்திருப்பதும் பச்சை. நான் ஏமாந்த இடம் இதுதான். நான்காவது துளையின் விட்டத்தைக் கொடுத்திருந்தேன், அதன் மையத்தைக் கட்டவில்லை. வட்டத்துக்கு நகர மூன்று வழி. விட்டம் அதில் ஒன்றைத்தான் அடைக்கும். வட்டம் கையில் இருந்ததால் பச்சையாகத் தெரிந்தது. சரி, முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பிறகு எப்போதோ சுட்டி பட்டு, துளை நகர்ந்திருக்கிறது. காலி இடத்தில் ஒரு கிளிக் செய்திருந்தால் போதும், பிடி விட்டுப்போய் வட்டம் வெள்ளைக்குத் திரும்பி உண்மையைக் காட்டியிருக்கும். பக்கப் பலகையிலும் இன்னும் இரண்டு வழி மிச்சம் என்று எழுதியே காட்டும். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் வரையும்போது கிளிக் செய்தவை சேர்ந்துகொண்டே போகும். ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றைத் தொட்டால் முதல் பிடி விடாது. அதனால் டெலீட் தட்டுவதற்கு முன் திரை முழுவதையும் ஒரு முறை பார்க்க வேண்டும். எங்கோ ஓரத்தில் ஒரு சிவப்புக் குறியும் பச்சையாகி நிற்கலாம். அந்தக் கட்டு போனால், அதை நம்பி நின்ற அளவும் ஆட்டம் கண்டுவிடும்.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். அந்தப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஒரே மென்பொருளில் நிற்க மாட்டார்கள். சாலிட்வொர்க்ஸில் கட்டுப்படாத கோடு நீலம், முழுதாகக் கட்டுப்பட்டது கறுப்பு. ஆட்டோகேடில் இடமிருந்து வலமாக இழுத்தால் நீலப் பெட்டி, முழுவதும் உள்ளே இருப்பவை மட்டும் சிக்கும். வலமிருந்து இடமாக இழுத்தால் பச்சைப் பெட்டி, ஓரம் பட்டவையும் சிக்கும். மூன்று மென்பொருளிலும் நீலம் உண்டு, மூன்றிலும் வேறு பொருள். நிறத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. புது மென்பொருளைத் திறந்தால் நான் முதலில் கேட்பது: இந்த நிறம் கோட்டின் நிலையா, என் கையின் பிடியா?

1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேடை உருவாக்கியபோது இந்தச் சிக்கலே இல்லை, திரையில் நிறமே கிடையாது. ஒளிப்பேனாவை அருகில் கொண்டுபோனால் கோடு பேனாவைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். இன்று நாம் போடும் கட்டுகளுக்கும் ஸ்கெட்ச்பேடுதான் முன்னோடி.

சிவப்பும் பச்சையும் சிலருக்குப் பிறவியிலேயே பிரித்துத் தெரியாது. ஃப்ரீகேடின் பிரிஃபரன்சஸில் போய் நிறங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். நானும் பிடியின் நிறத்தை வெளிர்நீலமாக மாற்றிவிட்டேன். இரண்டாவது தகட்டை வரைந்தபோது காலி இடத்தில் கிளிக் செய்து, கோடுகள் எல்லாம் ஒரே பச்சையாக நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டக் கொடுத்தேன். நான்கு போல்ட்டும் கையாலேயே இறங்கின.